மூன்று இஞ்சு, ஒரு நூல்

ஜூன் 10, திங்கள்

டாக்டர் புகழேந்தி இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடிகிற வரைக்கும் எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் காட்டுவாராம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். "அதனால என்னங்க? நீங்க சொல்லுங்க, யாராச்சும் எழுதட்டும். ஆனா நீங்க சொன்னது அப்படியே இருக்கோணும்" என்றார்.

என் மருமகள் கோமதி எழுதுகிறாள். மத்தியானச் சோற்றுக்கு மேலே அரை மணி நேரம்.

டாக்டர் வாங்கியிருக்கிற வண்டி நாற்பத்தேழாம் வருஷத்து அமெரிக்க வண்டி. கறுப்பு. எஞ்சின் வேலை கோயமுத்தூரில் முடிந்து வந்திருக்கிறது. கியர் பாக்ஸில் ஊற்றுகிற எண்ணெய் மட்டும் நிற்பதில்லை. இன்று காலை ஊற்றினேன். மத்தியானத்துக்குள் தரையில் ஒரு தட்டு அளவுக்குக் கறுப்பாகக் கிடக்கிறது. ஜூலை ஏழாம் தேதி ஊட்டியில் பழைய கார் ஊர்வலம். அதற்குள் நிறுத்தித் தர வேண்டும்.

இந்த வண்டி எனக்குப் புதிது இல்லை. மலையில் எஸ்டேட் மெக்கானிக்காக இருந்தபோது மேனேஜருடைய வண்டி இதுதான். அது தெரிந்துதான் டாக்டர் என்னைத் தேடிப் பொள்ளாச்சிக்கு வந்திருக்கிறார். வேறு யாரையாவது தேடியிருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

கியர் பாக்ஸின் வால் பக்கத்தைக் கழற்றினேன். ஒழுகுவது அங்கேதான். எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. எண்பத்து மூன்றில் ஷெட்டில் தள்ளிய பிறகு இந்த வண்டி ஓடவே இல்லையாம்.

சீலைச் சுற்றி எந்த மடையனோ தகரத்தைச் சுற்றி, அரக்குப் பூசி, அடித்து இறக்கியிருக்கிறான். சீல் என்றால் ஓட்டைக்குள் இறுக உட்கார வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் இறங்க வேண்டும். லூசாக இருந்தால் அது சீலே இல்லை. அதற்குத் தகரம் சுற்றுவதா? தொழில் தெரியாதவன், வெட்கம் கெட்டவன், கேனப்பயல்.

"மாமா, இதையெல்லாம் எழுதட்டுங்களா?" என்கிறாள் கோமதி. எழுது.

பச்சை டீத்தூள் டப்பாத் தகரம். இரண்டு பவுண்டு டப்பா.

"துருப்புடிச்சு மண்ணு நிறத்துல கெடக்குதுங்க மாமா. பச்சைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

எழுதச் சொன்னால் எழுத வேண்டும், குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது.

ஜூன் 12, புதன்

பொள்ளாச்சியில் ஆறு கடை ஏறி இறங்கினேன். கவுண்டரில் இருக்கிற ஒருத்தனும் தலை நிமிரவில்லை. "வண்டி நம்பர் சொல்லுங்க, பார்ட் நம்பர் சொல்லுங்க." நாற்பத்தேழு மாடல் என்றால் சிரிக்கிறான். "பெருசு, அதுக்கெல்லாம் மியூசியத்துல கேளுங்க." அவன் தாத்தனுக்குத் தாலி கட்டுமுன்பே நான் கியர் பாக்ஸ் இறக்கியவன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாத்தன் தாலி கட்டுமுன்பே என்று திருத்திக்கொள். கோமதி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

கோயமுத்தூர். உக்கடம் பழைய இரும்புக் கடைகள். ஜீப் சீல் கொடுத்தான் ஒருத்தன், உள் ஓட்டை பெரிது. டிராக்டர் சீல் கொடுத்தான் இன்னொருத்தன், கனம் அதிகம். மூன்றாவது ஆள், "பேஸ்ட்டைத் தடவி, தகரத்தைச் சுத்தி அடிச்சு உடுங்க. ஓடும்" என்றான்.

கையிலிருந்த டிராக்டர் சீலை அவன் மேலேயே எறிந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து விலக்கிவிட்டார்கள். ஒரு சீலுக்காக எண்பது வயதில் உக்கடத்தில் அடிதடி.

ஜூன் 15, சனி

இன்று சடையப்பன் பட்டறைக்கு வந்தான். வண்டி வந்தது யார் சொல்லித் தெரிந்ததோ. குச்சியை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஏப்பா ஆறுச்சாமி. வண்டி செத்துப் போச்சுன்னு நெனச்சேன். எழுப்பி உக்கார வெச்சுட்டியாட்ட இருக்குது?"

"எனக்கு வேலை இருக்குது சடையா."

"செய்யி, செய்யி. நான் என்ன உன்ற கையவா புடிச்சேன்?" குனிய முடியாமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். எண்ணெய்க்குத் தட்டு வைத்திருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "இன்னும் ஒழுகுதா?" என்றான்.

இன்னும் என்றானே, அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உச்சி மண்டைக்கு ஏறியது. வெளியே போடா என்று கத்தினேன். போய்விட்டான். கோபப்படவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் யார் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் இல்லையா, எழுது. சடையப்பன் இந்த வண்டியின் டிரைவர். எண்பத்து மூன்றாம் வருஷம், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. மேனேஜர் பங்களாவுக்கு ஏறுகிற சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கினான். அவன் மகள் ருக்குமணி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். ஒன்பது வயது. வண்டிக்குப் பின்னால் நின்றாள். வண்டி தானாகப் பின்னால் உருண்டது. பிள்ளையின் இடது கால் கருங்கல் சுவரோடு நசுங்கியது.

ஆபீசில் விசாரணை வைத்தார்கள். பிரேக் போட்டேன் என்றான் அவன். பிரேக் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். எழுதிக் கொடுத்தார்கள், கைநாட்டு வைத்தேன். அவனுக்கு வேலை போயிற்று, எஸ்டேட் வீடும் போயிற்று. பிள்ளையைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினான். அதற்கப்புறம் யாரும் அவன் கையில் வண்டியைக் கொடுக்கவில்லை. தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கினான்.

இப்போது எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். ருக்குமணி மாவு அரைத்து விற்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அப்பனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பனிடம் பேசுவதில்லை. பிரேக் போடாமல் காலை நசுக்கிய அப்பன். சோறு போட்டால் கிரைண்டரைப் பார்த்து, "சோறு வெச்சிருக்குது" என்பாளாம்.

இதில் எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டார்கள், சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

கோயமுத்தூர் கணபதியில் ரப்பர் அச்சுப் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறாராம். அளவு கொடுத்தால் புது சீலே ஊற்றித் தருவாராம். கோமதி போனைப் பிடித்துக்கொடுத்தாள்.

"பழைய சீல் இருக்குதுங்களா ஐயா? அதைக் கொரியர்ல போட்டு உடுங்க. அப்படியே அச்சு அசலாப் போட்டுத் தர்றேன்."

"பழசு வேண்டாம்."

"மாதிரி இருந்தா எங்களுக்குச் சுலுவுங்க."

"அதைப் பார்த்துச் செய்யாதேன்னா செய்யாதே! அது தப்பான சீல்."

"தப்பான சீல்னு எப்படிங்க தெரியும்?"

இவனுக்கும் அதே கேள்வி. ஓட்டையை அளந்து சொல்கிறேன், அதற்கு மட்டும் செய் என்று வைத்துவிட்டேன்.

உள் காலிப்பரை ஓட்டைக்குள் விரித்து, இஞ்சு பட்டியில் வைத்துக் கோடுகளை எண்ணினேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கோடு எண்ணத் தெரியும். இஞ்சுக்கு எட்டு நூல். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் வெளிச் சுற்று மூன்று இஞ்சு, ஒரு நூல். உள் ஓட்டை இரண்டு இஞ்சு. கனம் அரை இஞ்சு. நான் சொல்லச் சொல்லக் கோமதி போனில் தட்டி அனுப்பினாள்.

ஜூன் 20, வியாழன்

பட்டறைக்காரன் போனை எடுக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. ஊரில் ஒவ்வொருத்தனும் போனை எதற்கு வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை.

கோமதி மாவு வாங்கப் போயிருந்தாளாம். இந்த வண்டி வந்ததைப் பற்றி ருக்குமணி கிரைண்டரிடம், "அதைக் கொளுத்திப் போடாம ஊர்வலம் விடறாங்களாமா" என்றாளாம். சடையப்பன் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தானாம். நான் இதைக் கேட்டேனா? எதற்கு எனக்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 25, செவ்வாய்

சீல் வந்தது. நல்ல ரப்பர். உதடு மெல்லிசாக, உள்ளே ஸ்பிரிங் எல்லாம் ஒழுங்கு. எண்ணெய் தொட்டு ஓட்டையில் வைத்து, மரச் சுத்தியலை எடுக்கத் திரும்பினேன். சுத்தியல் தேவைப்படவே இல்லை. கட்டை விரலால் அழுத்தினேன், பொத்தென்று உள்ளே போய்விட்டது. ஆட்டினால் ஆடுகிறது.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். கோமதி, என் விரலுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருஷம் கழித்தும் தெரியும்.

பழைய சீலைத் தேடி எடுத்து, தகரத்தை உரித்து, புதியதின் மேல் வைத்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இரட்டைப் பிள்ளைகள்.

போனில் பட்டறைக்காரனைப் பிடித்துப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். அவர் பொறுமையாக, "ஐயா, நீங்க அனுப்பின அளவுதானுங்க. வேணும்னா பாருங்க" என்றார்.

"கோமதி, என்ன அனுப்பினே?"

"நீங்க சொன்னதுதானுங்க மாமா. மூணு புள்ளி ஒண்ணு இஞ்சு."

"நான் புள்ளின்னு எங்க சொன்னேன்? மூணு இஞ்சு, ஒரு நூலுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"புள்ளி ஒண்ணுன்னா என்ன?"

"ஒரு இஞ்சைப் பத்தாப் பங்கு போட்டு, அதுல ஒண்ணுங்க."

பத்தில் ஒன்று. என் நூல் எட்டில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து டீத்தூள் டப்பாத் தகரம் ஒரு சுற்று.

கோமதி அழுகிறாள். உன்னைச் சொல்லவில்லை கண்ணு. எழுது.

எஸ்டேட்டில் சீல் வரவழைத்த அன்றைக்கும் நான் மூன்று இஞ்சு, ஒரு நூல் என்றுதான் சொன்னேன். ஸ்டோர் கிளார்க் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, "சொல்லுப்பா" என்று கேட்டு எழுதினான். அவனும் புள்ளிதான் வைத்திருக்கிறான். பேன்ட் போட்ட பயல், பி.ஏ. படித்தவன், நூல் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டானா? செத்துத் தொலைந்தான், இல்லாவிட்டால் இன்றைக்கே போய் உலுக்கியிருப்பேன். என் அளவு தப்பில்லை! நாற்பத்தொரு வருஷமாக என் அளவுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

ஜூன் 26, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வியாழன்

கோமதி நேற்று, செவ்வாய்க்கிழமை எழுதிய பக்கத்தை எனக்கே படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "அப்ப அந்தத் தகரம் சுத்தினது நீங்கதானுங்களா மாமா?" என்றாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நான்தான். எழுது.

சீல் கோயமுத்தூரிலிருந்து வந்தது. லூசாக இருந்தது. திருப்பி அனுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "எழுத்துத் தெரியாதவனுக்கு அளவு எடுக்கத் தெரியுமா, ஐ.டி.ஐ. படித்தவனைப் போடுங்கள் என்றேனே" என்று கிளார்க் மேனேஜரிடம் சொல்லுவான். முன்பே இரண்டு தடவை சொன்னவன்தான். எனக்கும் அப்போது நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்று எண்ணம். அதனால் மேனேஜர் வீட்டு டீத்தூள் டப்பாவை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றி அடித்து இறக்கினேன்.

மூன்று வாரம் நின்றது. அப்புறம் சொட்ட ஆரம்பித்தது.

டாக்டருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பாக்ஸ் வாலில் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கும். சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக அந்த டிரம்மில் இறங்கும். எண்ணெய் பட்ட பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும்.

எனக்குத் தெரியும். தினம் காலையில் சடையப்பன் வண்டி எடுப்பதற்கு முன்னால் படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் அந்த டிரம்மைத் துடைப்பேன். பதினோரு நாள் துடைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தகரம் வெளியே வரும். பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. ரேஷனில் சர்க்கரை போடுகிறார்கள் என்று விடியற்காலையே வரிசைக்குப் போய்விட்டேன். அன்றைக்குத் துடைக்கவில்லை.

ஆபீசில் பிரேக் நன்றாக இருந்தது என்றேன்.

போதும், மூடு.

ஜூன் 28, வெள்ளி

காலையில் பட்டறைக்காரர் சரியான அளவில் வேறு சீல் கொடுத்தனுப்பினார். மில்லிமீட்டரில் எழுபத்தொன்பது புள்ளி நாலு. பஸ் கண்டக்டர் கையில் வந்தது. தட்டித் தட்டித்தான் இறங்கியது. எண்ணெய் ஊற்றிவிட்டுக் கீழே வெள்ளைத் துணி விரித்திருக்கிறேன்.

கோமதி காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. கேட்டேன். "நாளைக்கு ருக்குமணி வீட்டுக்குப் போறமுங்களா, இல்லீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்கிறாள். என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு என்னையே கேட்கிறாள்.

போகிறேன். ஆனால் கிளார்க் வைத்த புள்ளியைத்தான் முதலில் சொல்லுவேன். அது தெரிய வேண்டும் அவர்களுக்கு.

ஜூன் 29, சனி

துணி வெள்ளையாகவே இருக்கிறது. ஒரு சொட்டு இல்லை.

பதினோரு மணிக்குப் போனோம், நானும் கோமதியும். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ருக்குமணி ஸ்டூலில் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இடது காலை நீட்டி வைத்திருந்தாள். சடையப்பன் மூலையில் பேப்பரை விரித்துக் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தான்.

"வாங்க. மாவு இன்னும் ஆகுல" என்றாள்.

மாவுக்கு வரவில்லை என்றேன். வண்டி விஷயம் என்றேன். கிரைண்டரை நிறுத்தினாள். நான் ஆரம்பித்தேன். நூல் என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன, கிளார்க் எப்படி எழுதினான், அச்சுப் பட்டறைக்காரன் எப்படி அதே தப்பைச் செய்தான், இரண்டு சீலும் எப்படி ஒன்றாக இருந்தன, ஒழுகின எண்ணெய் எப்படிப் பிரேக்கில் இறங்கியது. சீலைக் கூடக் கொண்டு போயிருந்தேன், கையில் வைத்துக் காட்டினேன். "என்ற அளவு சரி அம்மிணி. எழுதுனவன் கெடுத்துட்டான். படிச்ச பயல் பண்ணுன வேலை" என்றேன். பேசப் பேச எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. குரல் ஏறிவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"அளவு யாரு தப்பாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுங்க. எண்ணெய் ஒழுகறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அதுதான் சொல்றனே, அந்தக் கிளார்க்கு..."

"தெரியுமா, தெரியாதா?"

கோமதி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"தெரியும்."

"ஆபீசுல என்ன சொன்னீங்க?"

"நல்லா இருந்துதுன்னேன்."

தெருவில் எவனோ பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனான். அவன் குரல் அடங்குகிற வரைக்கும் நான் அந்த ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ருக்குமணி ஸ்டூலோடு திரும்பினாள். கிரைண்டரைப் பார்க்கவில்லை. நேராக மூலையைப் பார்த்தாள்.

"ஏப்பா. அன்னைக்குப் பிரேக் போட்டீங்களா?"

சடையப்பன் கையில் கருவேப்பிலைக் குச்சி அப்படியே நின்றது.

"போட்டேன் கண்ணு. ரெண்டு கையும் போட்டு இழுத்தேன்." குச்சியைப் பேப்பரில் வைத்தான். "ஆனா சக்கரத்துக்குக் கல்லு வெக்குல. சரிவுல நிறுத்துனா கல்லு வெக்கோணும். சோத்துப் போசியோட உன்னையப் பார்த்ததும், எறங்கி வந்துட்டேன். அது என்ற தப்பு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியுமா தெரியவில்லை. அந்தக் கல்லை யார் கேட்டார்கள்? அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது. மகள் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதும், தன் தப்பைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைக்கிறான். நான் ஒரு தகரத் துண்டை மூடி வைக்க நாற்பத்தொரு வருஷம் எடுத்துக்கொண்டேன். அதையும் கிளார்க் தலையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறேன். அவனை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது.

ருக்குமணி என் பக்கம் திரும்பினாள்.

"கல்லு வெக்காத தப்புக்கு எங்கப்பா மூட்டை தூக்கியாச்சு. என்ற வாயிலிருந்து ஒரு சொல்லுக்கு ஏங்கியாச்சு. அதுல பாதி உங்க பங்கு. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

திட்டுவாள், மாவை என் மேல் கொட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன், கோமதி, பெரிய எழுத்தில் எழுது.

டாக்டரே, உங்கள் வண்டி ஜூலை ஏழாம் தேதி ஓடும். எண்ணெய் ஒழுகாது. ஹேண்ட் பிரேக் நிற்கும், நான் பொறுப்பு. சங்கத்தில் இந்த நோட்டைக் காட்டுவேன் என்றீர்கள். முழுசாகக் காட்டுங்கள். பங்களாச் சரிவில் சடையப்பன் பிரேக் போட்டான், நிற்காததற்குக் காரணம் மெக்கானிக் ஆறுச்சாமி என்று மைக்கில் படியுங்கள். சடையப்பனும் ருக்குமணியும் முன் வரிசையில் உட்கார வேண்டும், அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். கார் நோட்டில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு பக்கத்தைக் கிழித்தீர்களோ, கியர் பாக்ஸை மறுபடி இறக்கித் தரையில் பரப்பிவிடுவேன். பிறகு உலகத்தில் எவனாலும் உங்களுக்கு அதைக் கோர்த்துத் தர முடியாது.

மை டப்பாவை எடு. கைநாட்டு வைக்க வேண்டும். வைக்கிறதற்கு முன்னால், நீ எழுதியதை முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. அன்றைக்கு ஒருத்தனும் படித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.